கடலில் நிற்கிற அங்கத்தவர்

“இந்தக் கதிரையை வெளியில கொண்டுபோனீங்களெண்டால் இண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டன், சொல்லிப்போட்டன்,” என்று யூலிற்றா குசினி வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

கிறகோரி அதற்குள் கதிரையைத் தலையில் கவிழ்த்துவிட்டான். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. கீழே அவனுடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“மூட்டாதை. நான் கடலுக்குப் போறவன், எனக்கென்ன? நீயும் புனிதமும்தான் பட்டினி.”

“போன முறை போயிட்டு வந்ததிலயிருந்து ஒரு கால் ஆடுது. உங்கட அண்ணர்தான் ஏறி இருந்திருப்பார். அந்த உடம்பை இது எப்பிடித் தாங்கும்?”

“அண்ணை இருக்கேல்லை. அண்டைக்கு இதில இருந்தது சுவாமியார்.”

யூலிற்றா கொஞ்சம் தணிந்தாள். “சுவாமியாரெண்டால் பரவாயில்லை,” என்றாள். பிறகு, அவ்வளவு கெதியில் தோற்றுவிடக் கூடாது என்று நினைத்தவளாய், “அவருக்கும் உடம்பு குறைவில்லை,” என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் கதிரை என்று இருந்தது அது ஒன்றுதான். அளம்பிலில் இருந்து அவள் கலியாணம் கட்டி வந்தபோது தகப்பன் சீதனத்தோடு அனுப்பிய முதிரை மரக் கதிரை. விருந்தாளி வந்தால் அதில் விருந்தாளி இருப்பார். வராத நாளில் மடித்த உடுப்பு இருக்கும். கிறகோரி கத்தோலிக்கக் கோயில் பள்ளிக்கூடத்து ஆலோசனைச் சபையில் அங்கத்தவனான பிறகு அந்தக் கதிரைக்கு மாதத்தில் ஒருமுறை ஊர்வலமும் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் குட்டை வாங்குகளைத் தவிர வேறு இருக்கை கிடையாது. வாங்கில் முழங்காலை மடக்கி இருந்துகொண்டு கல்வியைப் பற்றி ஆலோசிப்பது பெரியவர்களுக்கு அழகில்லை என்று சபை தன்னுடைய முதற்கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு அங்கத்தவரும் தன் வீட்டுக் கதிரையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கரையோர ஊர் என்பதால் அதற்கு ஒரு சலுகையும் இருந்தது. ஆள் தொழிலுக்குப் போயிருந்தாலும் கதிரை வந்திருந்தால் போதும். பேர் கூப்பிடும்போது யாராவது ஒருவர் “கடலில” என்பார். அவர் சபையில் இருப்பதாகவே கணக்கு. கதிரை வராவிட்டால்தான் ஆள் விலகிவிட்டார் என்று அர்த்தம்.

“நாளைக்குப் பூசை முடியத்தானே கூட்டம்? பத்திரமாக் கதிரையைத் திருப்பிக் கொண்டுவாங்கோ. இல்லாட்டில் படலை திறக்கமாட்டன்.”

“கதிரைக்குத்தான் கவலை. மனிசனைப் பற்றி ஒரு கதையுமில்லை.”

“மனிசன் தன்ர காலில நடந்து வரும். கதிரையைத்தானே ஆரும் காவ வேணும்!”

அவன் படலையில் குனிந்து வெளியே போனான். கதிரைக் கால் ஒன்று பூவரசங் கொப்பில் தட்டி ஒரு பழுத்த இலை விழுந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரையை வைத்துவிட்டு அங்கிருந்தே கரைக்குப் போய்த் தன் சின்னத் தெப்பத்தைத் தள்ளினான்.

அது ஐம்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. அன்று இருட்டிய பிறகு காற்று மாறியது. விடிந்தபோது தொழிலுக்குப் போன மற்றவர்கள் எல்லாரும் கரையில் நின்றார்கள். சில நாள் கழித்துக் கிறகோரியின் தெப்பம் நாயாற்றுப் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

கடலில் போனவனின் உடல் கரையேறாவிட்டால் ஒரு வருடம் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் துக்க மணி அடித்துப் பூசை வைப்பது என்பது அந்தக் கரையின் வழக்கம். போனவர்கள் எங்கேயாவது ஏறித் திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் பெண்சாதிக்கு இந்த ஒரு வருடத் தவணை இல்லை. கிறகோரியின் இனசனப் பெண்கள் கூடிவந்து அழுதார்கள். அழுத கையோடு கறுப்புச் சீலையைக் கொடுத்தார்கள், கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள், இனிமேல் விடியற்புறப் பூசைக்கு மட்டும் முக்காட்டோடு போய்க் கடைசி மூலையில் நிற்கலாம் என்று சொன்னார்கள். கிறகோரி செத்தானா இல்லையா என்பது கோயிலுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. அவள் கழுத்துக்கு மட்டும் அது எப்படியோ உடனே தெரிந்துவிட்டது.

யூலிற்றா சீலையை வாங்கிக் கட்டினாள். பேச நினைத்ததெல்லாம் கடைசியாகப் பேசியதில் போய் முட்டி நின்றது. மனிசன் தன்ர காலில நடந்து வரும்.

துக்க வீட்டுச் சனம் குறைந்த பிறகு ஒருநாள் அல்பேர்ட் மூப்பர் வந்தார். அவர் கிறகோரியின் தமையன். கோயில் மூப்பர், ஆலோசனைச் சபையிலும் பெரிய கை. முற்றத்தில் நின்றபடி சுற்றிப் பார்த்தார். இருக்கக் கதிரை இல்லை. மகள் புனிதமலர் பாயைக் கொண்டுவந்து விரித்தாள். அவர் பாயைப் பார்த்தார், தன் உடம்பை நினைத்தார், நின்றபடியே பேசினார்.

“புனிதம் இனிப் பள்ளிக்கூடம் போகவேண்டாம்.”

யூலிற்றா நிமிர்ந்தாள். “ஏன் பெரியத்தான்?”

“தகப்பன் இல்லாத பொம்பிளைப் பிள்ளை. சபையின்ர தீர்மானம் உனக்குத் தெரியுந்தானே?”

தெரியும். ஊருக்கே தெரியும். பெண்பிள்ளை பூப்பெய்திப் பெரியபிள்ளையானால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதுதான் அங்கே வழக்கமாக இருந்தது. புதிதாக வந்த பங்குச் சுவாமியார் இதைப் பிரசங்கத்தில் கண்டித்தார், வீடு வீடாகப் போய்க் கேட்டார், கடைசியில் சபையில் மேசையில் அடித்தார். சபை ஒரு நடுவழி கண்டது. தகப்பன் சபைக்கு முன்னால் எழும்பி, “பிள்ளைக்கு நான் பொறுப்பு” என்று வாயால் சொன்னால் அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கலாம். தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. அதற்குப் பிறகு ஒரு தகப்பனும் எழும்பவில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் சட்டம்பியார் மட்டும் எழும்புவார். பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் அவர், சபைக்கும் காரியதரிசி. கத்தோலிக்கக் கல்வியின் மேன்மை என்ற பொருளில் அவருக்கு ஒரு பேச்சு இருந்தது. அறிவும் விசுவாசமும் இரண்டு துடுப்புகள், ஒன்றை மட்டும் வலித்தால் தோணி நின்ற இடத்திலேயே சுற்றும் என்று தொடங்குவார். கடல்காரருக்கு அது நன்றாகப் பிடிக்கும். கைதட்டுவார்கள். மண்டபத்துக்கு ஓலைச் சுவர்தான், ஆகையால் அக்கம்பக்கத்து வேலிகளுக்குள் இருந்த பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் கைதட்டல் கேட்கும். சட்டம்பியாரின் மூத்த மகளுக்கும் கேட்கும்.

கிறகோரிக்கு எழுத்துத் தெரியாது. தொழிலால் வந்து புட்டுத் தின்கிற நேரம் மகள் பக்கத்தில் இருந்து, கோயிலுக்கு வருகிற பத்திரிகையை வாசிக்க வேண்டும். உரோமாபுரியில் நடந்ததும் கொழும்பில் நடந்ததும் அவனுக்கு அப்படித்தான் தெரியும். பிள்ளை பெரியபிள்ளையான பிறகு வந்த கூட்டத்தில், சட்டம்பியாரின் பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், அவன் எழும்பி “என்ர பிள்ளைக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். சட்டம்பியாருக்கே ஆச்சரியம். தன்னுடைய பேச்சைக் கேட்டு ஒருவர் ஒன்றைச் செய்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“நல்ல பேச்சு அது. ஆரும் ஒருத்தன் செய்து பார்க்க வேண்டாமே?” என்று அவன் அன்று வீட்டில் வந்து சொன்னான். புனிதம் ரீச்சராக வரவேண்டும் என்ற ஆசையை யூலிற்றாவின் நெஞ்சில் போட்டவனும் அவன்தான்.

இப்போது அந்தப் பிள்ளை பாயின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றது.

“நீங்கள் பெரியப்பு இருக்கிறீங்கள்தானே?” என்றாள் யூலிற்றா. “நீங்கள் ஒருக்கா எழும்பிச் சொன்னால் என்ன?”

“நான் என்ர பிள்ளையளுக்கே எழும்பேல்லை,” என்றார் மூப்பர். அதில் பொய் இல்லை.

“அப்ப கதிரையை எண்டாலும் அனுப்பிவிடுங்கோ. வாறவைக்கு இருக்க ஒண்டுமில்லை.”

மூப்பர் கோயில் பக்கம் பார்த்தார். “கதிரை அங்கேயே இருக்கட்டும்.”

“எங்கட கதிரை அங்க என்னத்துக்கு?”

“அது சபைக் காரியம். உனக்கு விளங்காது,” என்று சொல்லி, அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

புனிதம் பள்ளிக்கூட உடுப்பைத் தோய்த்து, காயப்போட்டு, மடித்து, அலுமாரி இல்லாத வீட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்தது. அதற்குப் பிறகு காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் முற்றத்தைக் கூட்டத் தொடங்கும். மணி ஓய்ந்த பிறகும் கூட்டிக்கொண்டே இருக்கும். யூலிற்றா அதைப் பார்க்காமல் இருக்க அடுப்பை ஊதுவாள்.

சபைக் காரியத்தை அவளுக்கு விளங்கப்படுத்தியவர் மயில்வாகனம். முள்ளியவளையில் வயல் செய்கிறவர், சைவக்காரர். மகள் அருந்ததியைச் சைக்கிளில் ஏற்றிக் கோயில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருகிறவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால், “இஞ்ச வாத்திமார் நேரத்துக்கு வருகினம். சாமி ஏதெண்டாலும் பரவாயில்லை, மணி சரியா அடிச்சால் சரி,” என்பார். சைவப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்காகச் சுவாமியார் அவரையும் சபையில் சேர்த்திருந்தார். பிள்ளை பெரியபிள்ளையானால் தானும் எழும்பத்தான் வேண்டும் என்று அவர் பகிடியாகச் சொல்லித் திரிவார்.

அவர் நெல்லுக் கொண்டுவந்து கொடுத்துக் கருவாடு வாங்கிப் போகிற வழக்கம். அன்று வந்தவர் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

“தங்கச்சி, கோவிக்கக் கூடாது. ஒண்டு சொல்லோணும்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“கிறகோரியின்ர பேரைக் கூட்டத்தில இன்னும் கூப்பிடுகினம்.”

யூலிற்றா முக்காட்டை விலக்கி அவரைப் பார்த்தாள்.

“சட்டம்பியார் ‘கிறகோரி’ எண்டு கூப்பிடுவார். மூப்பர் ‘கடலில’ எண்டு சொல்லுவார். அடுத்த பேருக்குப் போவினம். கதிரையும் அந்த இடத்திலதான் இருக்கு. நான் சைவக்காரன், உங்கட ஆக்கள் எவ்வளவு காலத்துக்குக் கடலில நிப்பினமெண்டு எனக்கென்ன தெரியும் எண்டு பேசாமல் இருக்கிறன்.”

“ஏன் அப்பிடிச் செய்யினம்?”

“சுவாமியார் போன பெருநாளில சொன்னவரெல்லே, சபையில அடுத்து ஒரு இடம் விழுந்தால் அது களப்புப் பக்கத்துக்கு எண்டு. இடம் விழுந்தால் வஸ்தியான் வந்திடுவான். அதுதான், மூப்பர் விழவிடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்.”

களப்பு என்கிற உப்பங்கழியில் இறால் பிடித்துச் சீவிக்கிறவர்களைக் கடல்காரர் தங்களோடு சமமாக வைப்பதில்லை. ஒரே கோயில், ஒரே சுவாமியார், ஆனால் வேறு வேறு பக்கம். பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் களப்புப் பக்கத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு வருடா வருடம் ஓலை வேய்கிறவனும் அந்தப் பக்கத்து வஸ்தியான்தான். கூட்ட நாளில் அவன் மண்டப வாசல் நிலையோடு சாய்ந்து நிற்பான். கூரையைப் பற்றி ஏதும் கேட்டால் சொல்லுவான். கேட்காவிட்டால் நிற்பான்.

யூலிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. கிறகோரி போன பிறகு வந்த முதற் சிரிப்பு. அது பாதி வழியில் வேறொன்றாக மாறப் பார்த்தது, சீலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“அண்ணை, ஆள் சபையில இருந்தால் ஆள் சொன்ன சொல்லும் சபையில இருக்குந்தானே?”

“இருக்காமல்? ஆள் இருந்தால் சொல்லும்…” என்று தொடங்கிய மயில்வாகனம் நிறுத்தினார். சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். “தங்கச்சி, அடுத்த கூட்டம் வாற ஞாயிறு,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, யூலிற்றா கறுப்புச் சீலையோடு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் ஒழுங்கை வழியே நடந்தாள். வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. “அவளுக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்று ஒரு குரல். “படலை தாண்டிட்டாள்,” என்று இன்னொரு குரல். அவள் பள்ளிக்கூட வாசலில் வஸ்தியான் நின்ற நிலைக்கு எதிர் நிலையில் போய் நின்றாள். வஸ்தியான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினான்.

உள்ளே பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கிறகோரி.”

“கடலில,” என்றார் அல்பேர்ட் மூப்பர்.

“சுவாமி,” என்றாள் யூலிற்றா.

எல்லாரும் திரும்பினார்கள். ஆள் இல்லாத முதிரைக் கதிரை ஒன்றுதான் திரும்பாமல் இருந்தது.

மூப்பர் எழும்பினார். “இது பொம்பிளையள் வாற இடமில்லை. அதுவும் துக்கத்தோட!”

“ஆருக்குத் துக்கம் பெரியத்தான்? இப்பதானே அவர் கடலில எண்டு சொன்னனீங்கள்.”

மயில்வாகனத்துக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

“சுவாமி, எனக்குச் சபைக் காரியம் விளங்காது எண்டு பெரியத்தான் சொன்னவர். விளங்கப்படுத்துங்கோ. என்ர மனிசன் சபையில இருக்கிறாரோ, இல்லையோ?”

சுவாமியார் தாடியைத் தடவினார். கண்கள் சிரித்தன, வாய் சிரிக்கவில்லை. “மூப்பர்தான் மறுமொழி சொல்ல வேணும். அவர்தானே ஒவ்வொரு முறையும் சொல்லுறவர்.”

“இருக்கிறாரெண்டால்,” என்றாள் யூலிற்றா, “அவர் இந்த இடத்தில எழும்பிச் சொன்ன பொறுப்பும் இருக்கு. நாளைக்குப் புனிதம் வகுப்புக்கு வரும். இல்லையெண்டால் கதிரையைத் தாங்கோ, நானே தலையில வைச்சுக் கொண்டுபோறன். இடம் விழுந்திட்டுது. சுவாமியார் சொன்னமாதிரி களப்புப் பக்கத்துக்குக் குடுங்கோ. ஆள் தேடவும் தேவையில்லை, இந்தா நிக்கிறான்.”

மூப்பர் வாசலைப் பார்த்தார். ஒரு நிலையில் தம்பியின் மகள். மறு நிலையில் வஸ்தியான். இரண்டில் எது தன் மரியாதைக்குக் குறைந்த சேதம் என்று அவர் நிறுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சட்டம்பியார் துடுப்புகளைப் பற்றிப் பேசலாமா என்று எண்ணி, பேசாமல் விட்டார்.

“கிறகோரி இருக்கிறான்,” என்றார் மூப்பர் கடைசியில்.

“பொறுப்பு?” என்று கேட்டார் சுவாமியார்.

“அதுவும் இருக்கு.”

புனிதம் தாயின் கையை இறுக்கியது. யூலிற்றா திரும்பும்போதுதான் வஸ்தியானின் முகத்தைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய இடத்தைத் தூக்கித் தராசில் போட்டு அவள் தன் பிள்ளைக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டாள். அவனை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் மணி அடித்தபோது முற்றம் கூட்டப்படாமல் கிடந்தது. யூலிற்றாதான் கூட்டினாள்.

ஒரு வருடம் முடிந்தது. சுவாமியார் வீட்டுக்கு வந்தார். “யூலிற்றா, கிறகோரிக்கு ஆண்டுப் பூசை வைக்க வேணுமெல்லே? துக்க மணியும் அடிக்கவேணும்.”

அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். மணி அடித்தால், ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டு அழலாம்.

“மணி அடிச்சால் அவர் செத்ததாப் போயிடும் சுவாமி,” என்றாள். “புனிதம் எட்டாம் வகுப்பு முடிக்கட்டும். அதுவரைக்கும் அவர் கடலில நிக்கட்டும்.”

சுவாமியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு படலையைத் தாண்டிப் போனார்.

கார்த்திகையில் மரித்தவர்களின் திருநாள் வந்தது. ஊர்ப் பெண்கள் சேமக்காலையில் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். யூலிற்றாவும் ஒரு மெழுகுதிரியோடு போனாள். கொளுத்த இடமும் இல்லை, கொளுத்தினால் அவன் கடலில் நிற்கிற கதையும் பிழையாகிவிடும். மடிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் போட்டாள். அடுத்த வருடமும் அப்படியே. கூட்டத்துக்குக் கூட்டம் மூப்பர் “கடலில” என்றார். முதலில் குரலில் இருந்த கள்ளம் போய், கேட்கிறவர்களுக்கே சந்தேகம் வருமளவுக்கு அவருடைய குரல் திருந்திவிட்டது. தம்பி செத்ததை நினைத்து அவரும் வீட்டில் அழுதிருப்பார். சபையில் மட்டும் அவனைச் சாகவிடவில்லை.

புனிதமலர் எட்டாம் வகுப்பு முடித்தாள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தது. சுவாமியார்தான் ஓடித் திரிந்து எடுத்துக் கொடுத்தார். புதுக்குடியிருப்பில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய யூலிற்றா வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள்.

“சுவாமி, இனி என்ர மனிசனுக்கு மணி அடியுங்கோ.”

அன்று பின்னேரம் துக்க மணி அடித்தது. ஊர் ஒருமுறை திகைத்து, யார் என்று கேட்டு, கிறகோரி என்று அறிந்து, பிறகு அவளோடு கூட இருந்து அழுதது. அவள் மற்றவர்கள் போன பிறகும் அழுதுகொண்டிருந்தாள்.

இடம் விழுந்துவிட்டது. சுவாமியார் தம் சொல்லைச் சபைக்கு நினைவூட்டினார். மூப்பர் மறுக்கவில்லை.

“குடுக்கலாம் சுவாமி. ஆர் வேண்டாமெண்டது? ஆனால் சபையின்ர ஒழுங்கு ஒண்டு இருக்கு. அங்கத்தவர் தன்ர கதிரையைக் கொண்டுவர வேணும். கொண்டுவரட்டும்.”

களப்புப் பக்கத்தில் ஒரு வீட்டிலும் கதிரை இல்லை என்பது அவருக்குத் தெரியும். கதிரை வாங்கினால் இவர்கள் தங்களை யாரென்று நினைத்து வாங்கினார்கள் என்று முதலில் கேட்கக் கூடியவரும் அவர்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் யூலிற்றா களப்புப் பக்கம் போனாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வஸ்தியான் எழும்பினான்.

“என்னம்மா இந்தப் பக்கம்? ஆளனுப்பியிருந்தால் நான் வந்திருப்பனே.”

“பள்ளிக்கூடத்தில இருக்கிற முதிரைக் கதிரை என்ர சீதனம். இண்டையிலயிருந்து அது உங்கட கதிரை.”

“அம்மா, வேண்டாம். நான் நிண்டு பழகினவன்.”

“இவ்வளவு காலமும் உங்கட இடத்திலதான் என்ர மனிசன் இருந்தவர், வஸ்தியான் அண்ணை. என்ர பிள்ளை படிச்சதும் அந்த இடத்தை வைச்சுத்தான். நான் உங்களை ஒரு வார்த்தை கேக்கேல்லை.”

அண்ணை என்று அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவரும் அவனை அதுவரை கூப்பிட்டதில்லை. அவன் கையில் இருந்த வலைநூலைச் சுற்றினான், அவிழ்த்தான், திரும்பவும் சுற்றினான்.

“ஒரு கால் ஆடும்,” என்றாள் அவள். “பார்த்து இருங்கோ.”

மறுநாள் வஸ்தியான் வெளுத்த சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தான். வாசல் நிலையடியில் பழக்கத்தில் ஒருமுறை நின்றுவிட்டு உள்ளே போனான். முதிரைக் கதிரையில் நுனியில் இருந்தான்.

அவன் இருந்ததும் அல்பேர்ட் மூப்பர் எழும்பினார். “உள்ளுக்குக் காத்து இல்லை,” என்று யன்னலடிக்குப் போனார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இடுப்பைப் பிடித்து, நாரி நோகுது என்று எழும்பினார். மற்றவர்களுக்கும் நாரி நோகத் தொடங்கியது. சட்டம்பியார் எப்படியும் பேச எழும்ப வேண்டியவர்தான், ஆகவே கொஞ்சம் முன்கூட்டி எழும்பினார். மேற்றிராணியார் வந்தால் எழும்பி நிற்பதைப் போலச் சபை முழுவதும் எழும்பி நின்றது. எழும்பாமல் இருந்தவர்கள் மூன்று பேர். சுவாமியார், மயில்வாகனம், வஸ்தியான்.

“பெரிய மரியாதை குடுக்கினம் வஸ்தியான்,” என்றார் மயில்வாகனம். “எனக்கு ஒருநாளும் இப்பிடி எழும்பேல்லை.”

அன்று மூப்பர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கதிரைகளைக் காவித் திரிவது வீண் வேலை, நின்றபடி கூடினால் கூட்டம் கெதியில் முடியும், தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் வசதி. நின்றவர்கள் எல்லாரும் கை உயர்த்தினார்கள். இருந்த மூன்று பேரின் எதிர்ப்போடு தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு வஸ்தியானும் எழும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அவன் வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்றான். அடுத்த வருடம் அவனுடைய மகள் பெரியபிள்ளையானபோது, அந்த இடத்தில் நின்றே “பிள்ளைக்கு நான் பொறுப்பு” என்று சொன்னான்.

பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தது. சுவாமியார் மாறிப் போனார். அல்பேர்ட் மூப்பர் காலமாகி, துக்க மணி அன்றே அடித்தது. ஓலைக் கூரை போய் ஓட்டுக் கூரை வந்தது. புனிதமலர் ரீச்சர் அங்கேயே படிப்பிக்க வந்தாள். ஆலோசனைச் சபை இப்போது இல்லை. பெற்றார் ஆசிரியர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் புது ஆட்கள். திணைக்களம் நல்ல இரும்புக் கதிரைகள் அனுப்பியிருக்கிறது. மண்டபத்தில் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் நின்றபடிதான் நடக்கிறது. ஏன் என்று கேட்டால், கெதியில் முடியும் என்பார்கள்.